ஆள் இருக்கிற வீடு

பின்னேரமானால் வாசல் கேற்றடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். இராசமணி முன்விறாந்தையில் கதிரையைப் போட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வெறும் பிளாஸ்டிக் கானுக்குள் விழும்போது தண்ணீர் பெரிதாய்ச் சத்தம் போடும். நிரம்ப நிரம்பக் கீச்சென்று ஏறும். பிறகு மூடி திருகுகிற ஓசை, சைக்கிள் ஸ்ராண்டைத் தட்டுகிற ஓசை. மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வரும்.

"மணியக்கா, சுகமோ?"

"ஓம், சுகந்தான். ஆர் அது?"

அவள் கேட்டு முடிப்பதற்குள் சைக்கிள் போயிருக்கும்.

கிருசாந்தி உள்ளேயிருந்து இரத்த அழுத்தம் பார்க்கிற கருவியோடு வருவாள். யாழ்ப்பாணத்தில் உள்ள ஒரு பராமரிப்பு நிலையம் அனுப்பிய ஆள் அவள். காலையில் மண்கும்பானிலிருந்து ஸ்கூட்டியில் புங்குடுதீவுக்கு வந்து, இராசமணியைக் குளிக்க வார்த்து, சமைத்து, மாத்திரை கொடுத்து, வோக்கரைப் பிடித்து நடக்கப் பழக்கி, வெளிச்சம் போவதற்கு முன் பாலம் கடந்து திரும்பிவிடுவாள். இரவுக்குக் கட்டிலோரத்தில் ஒரு சின்னத் தொலைபேசி இருந்தது. அதில் ஒரு பொத்தானை அமத்தினால் நிலையத்தில் யாராவது எடுப்பார்கள்.

"கையை நீட்டுங்கோம்மா. கதைக்கக் கூடாது."

"நான் ஆரோடை கதைக்கிறது?"

"இப்ப என்னோடை கதைக்கிறியள்தானே. பாருங்கோ, பிறசர் ஏறுது."

கிருசாந்தி நல்ல பிள்ளை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நகம் வெட்டுவதிலிருந்து காதுக்குப் பின்னால் துடைப்பதுவரை எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்தாள். முருங்கையிலை, மீன், முட்டை என்று இராசமணி இப்போது வேளைக்குச் சாப்பிட்டாள். கிளினிக்கில் டொக்டர், "விழுறதுக்கு முந்தி இருந்ததைவிட இப்பதான் நல்லா இருக்கிறியள்" என்று சொன்னார். அது உண்மை. கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கால் வீக்கம் வற்றியிருந்தது.

விழுந்தது கிணற்றடியில். ஆடி மாதம் ஒரு பின்னேரம், சீமெந்து நிலத்தில் பாசி பிடித்திருந்ததைக் கவனிக்காமல் கால் வைத்துவிட்டாள். தண்ணீர் அள்ள வந்த, அயலில் இருக்கும் பவதாரணிதான் முதலில் கண்டு கத்தினாள். அவளும் மற்றப் பெண்களும் கதவொன்றைக் கழற்றி, அதிலே இராசமணியைக் கிடத்தி, வான் வண்டியில் ஏற்றினார்கள். ஊரில் வயதில் மூத்த தம்பு, "மெல்ல, மெல்ல" என்று ஒரு வேலையும் செய்யாமல் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அது பிறகு கேள்விப்பட்டது. அவளுக்கு நினைவிருந்தது தலைக்கு மேலே தெரிந்த கப்பியும் கயிறும் மட்டுந்தான்.

இடுப்பில் ஆணி வைத்து, யாழ்ப்பாணத்தில் உறவினர் ஒருவர் வீட்டில் கிடந்து, அவள் திரும்பி வந்தபோது வீடு மாறியிருந்தது. இலண்டனில் இருக்கும் தங்கையின் மகன் சயந்தன் அங்கிருந்தபடியே எல்லாம் செய்வித்திருந்தான். இராசமணி கலியாணம் செய்யவில்லை. கூட்டுறவுச் சங்கக்கடையில் கணக்குப் பிள்ளையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சயந்தனைத் தவிர அவளுக்கென்று யோசிக்க வேறு ஆளில்லை. கழிவறையில் பிடித்து எழும்பக் கம்பி, கட்டிலுக்குத் தடுப்பு, வாசற்படி இருந்த இடத்தில் சரிவு. கிணற்றுக்கு மோட்டர், கூரைமேல் தண்ணீர்த் தாங்கி. கடைசியாகக் கேற்றுக்கு வெளியே மதிலில் ஒரு பைப்.

"சனத்துக்கும் தண்ணி வேணுந்தானே, பெரியம்மா," என்று கைபேசியில் முகத்தைக் காட்டிக்கொண்டு சொன்னான். "இப்ப ஒருத்தரும் உள்ளுக்கு வரத் தேவையில்லை. கிணத்தடியும் காஞ்சு கிடக்கும். நீங்களும் அந்தப் பக்கம் போகத் தேவையில்லை. எப்பிடி?"

"நல்லது, அப்பன்" என்றாள்.

வேறென்ன சொல்வது? ஒன்றையும் மறக்காமல் யோசித்துச் செய்திருந்தான்.

அதற்கு முன்பு பின்னேரங்கள் வேறு மாதிரி இருந்தன. வீட்டுக்கு முன்னால் ஓடும் அந்த மணல் ஒழுங்கையில் நல்ல தண்ணீர் உள்ள கிணறுகள் குறைவு. நாலு மணி வெயில் சாய்ந்ததும் பெண்கள் வாளியும் கானுமாய்க் கேற்றைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். முதல் வாளி வீட்டுக்காரிக்கு. அதை அள்ளிக் கொண்டுபோய்க் குசினிக்குள் இருக்கிற குடத்தில் ஊற்றிவிட்டுத்தான் தங்களுக்கு அள்ளுவார்கள். யாரும் அப்படிச் செய்யச் சொன்னதில்லை. இராசமணியின் தாய் இருந்த காலத்திலிருந்தே அப்படி. குசினிக்குள் வருகிறவள் சும்மா வருவாளா? சட்டி மூடியைத் தூக்கிப் பார்ப்பாள்.

"என்ன மணியக்கா, இண்டைக்கும் பருப்போ?"

"வாய்க்கு ருசியா வைச்சுத் தாறதெண்டால் வை. சட்டிக்குள்ளை விடுப்புப் பாக்காதை."

அடுத்த நாள் ஒரு கிண்ணத்தில் நண்டுக் குழம்பு வரும். கிணற்றடியில் யாருடைய மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், யாருடைய மாடு யாருடைய மரக்கறித் தோட்டத்துக்குள் இறங்கியது என்று கதை ஓடும். தம்பு உடுப்புத் தோய்க்கிற கல்லில் குந்தியிருந்து, பெண்கள் அள்ளி முடியும்வரை காத்திருப்பார்.

"இந்தக் கிணத்துத் தண்ணி குடிச்சபடியால்தான், மணி, எனக்கு இன்னும் பல்லு நிக்குது."

"எத்தினை பல்லு, தம்பண்ணை?"

"நிக்கிறது நிக்குது. உமக்கேன் கணக்கு? சங்கக்கடை எண்டு நினைச்சீரோ?"

பைப் வந்த பிறகு குசினிக்குள் ஒருவரும் வரவில்லை. வரத் தேவையுமில்லை. குடத்தில் கிருசாந்தியே குழாயைத் திறந்து நிரப்பினாள்.

கார்த்திகை மழைக்கு இன்னும் நாள் இருக்கையில், ஒரு நாள் இராசமணி தேநீரை ஒரு மிடறு குடித்துவிட்டுக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"பிள்ளை, தேத்தண்ணிக்குள்ளை உப்புப் போட்டனீரோ?"

"என்னம்மா, பகிடி விடுறியளோ?"

கிருசாந்தி தானும் ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். தனக்கொன்றும் தெரியவில்லை என்றாள். ஆனால் இராசமணிக்குத் தெரிந்தது. அந்தத் தண்ணீரைக் குடித்தே வளர்ந்த நாக்கு.

தீவு நிலத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மெல்லிய படையாகத்தான் கிடக்கிறது. வாளியால் அள்ளினால் மேலே உள்ளது வரும். அள்ளுகிறவர்கள் கதைத்துக்கொண்டு அள்ளுவதால் கிணறு ஊறவும் நேரம் கிடைக்கும். மோட்டர் கதைப்பதில்லை. அது அடியில் குழாயை விட்டு ஒரே இழுவையாய் இழுக்கும். பைப்பைத் திறந்தால் வருகிறதென்று கண்டதும் ஆட்கள் குடிக்க மட்டுமல்ல, மாட்டுக்கும் பூக்கன்றுக்கும்கூடப் பிடித்தார்கள். தாங்கி வெறுமையாக, மோட்டர் தானாகவே ஓடத் தொடங்கியது. தீவில் பிறந்த எவருக்கும் தெரிந்த விஷயம் இது. அவளுக்கும் தெரியும். மோட்டர் பொருத்தியிருந்ததைக் கண்ட அன்றே சொல்லியிருக்கலாம். காசு செலவழித்துச் செய்திருக்கிறானே என்று வாயை மூடிக்கொண்டாள்.

இப்போதும் மூடிக்கொண்டாள். உப்பென்று தெரிந்தால் வருகிற சனமும் நின்றுவிடும். மதிலுக்கு வெளியே வருகிறதென்றாலும் வருகிறார்களே.

மூடி வைக்கிற விஷயமா அது? ஒவ்வொரு கானாகக் குறைந்தது. கடைசியாக வந்தவர் தம்பு. பைப்பைத் திறந்து உள்ளங்கையில் ஏந்திக் குடித்துவிட்டுக் கேற்றுக் கம்பிக்குள்ளால் முகத்தை வைத்துச் சொன்னார்.

"கரிக்குது, மணி."

"ஓம், தம்பண்ணை."

"சரி, என்ன செய்யிறது. சுகமாய் இரும்."

அதற்குப் பிறகு அவருடைய சைக்கிளும் வரவில்லை. நாலு மணிக்கு இராசமணி கதிரையில் இருந்தாள். பழக்கம். தூரத்தில் எப்போதாவது ஓர் ஓட்டோ போகும். எதிர்வளவு வீடு பூட்டிக் கிடந்தது. அதன் ஆட்கள் பிரான்சில். பக்கத்து வீட்டு ஆட்கள் கனடாவில். அந்த வீட்டின் மாமரத்தில் காய்த்தது காய்த்தபடி விழுந்து அழுகும். அந்த மணம் காற்றோடு வரும்.

அவள் யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். எல்லாம் இந்த மோட்டரால் வந்த வினை. கிணற்றைத் திருத்தினால் சனம் வரும்.

சயந்தன் ஞாயிற்றுக்கிழமைகளில் கோல் எடுப்பான். அந்த ஞாயிறு அவள் கதையைத் தானே தொடங்கினாள்.

"அப்பன், மோட்டரைக் கழட்டிவிடச் சொல்லு."

"ஏன் பெரியம்மா, பழுதோ? ஆளை அனுப்புறன்."

"பழுதில்லை. தண்ணி கரிக்குது."

"அவ்வளவுதானே? பில்டர் ஒண்டு பூட்டுவம். இப்ப சின்ன மெசின் வருது, குசினிச் சுவரிலை கொழுவலாம். உங்களுக்கு ஒரு ஆளுக்கு அது தாராளமாய்க் காணும்."

"எனக்கு ஒரு ஆளுக்குக் காணும்" என்று அவள் சொன்னாள்.

"பிறகென்ன?"

பிறகென்ன என்பதை அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. சனம் வருகுதில்லை என்று சொன்னால், ஆட்களோடு கதைப்பதற்கும் யாரையாவது ஒழுங்குசெய்து அனுப்புவான். அவன் அப்படிப்பட்ட பிள்ளை.

"கிணறு பழுதாகுதடா. அம்மம்மாட காலத்துக் கிணறு," என்றாள். "மழை முடியும்வரைக்கும் மோட்டரை நிப்பாட்டு. கிருசாந்தி அள்ளித் தருவா. நான் கிணத்தடிக்குப் போகமாட்டன். சத்தியம்."

அவன் கிருசாந்தியிடம் கைபேசியைக் கொடுக்கச் சொன்னான். அவள் முற்றத்துக்குப் போய்க் கதைத்துவிட்டு வந்தாள்.

"ஓமெண்டிட்டார். ஆனால் நீங்கள் அந்தப் பக்கம் கால் வைச்சால் நான் ஒப்பீசிலை சொல்ல வேணும். பிறகு என்னிலை கோபிக்கக் கூடாது."

"உமக்கு அள்ளத் தெரியுமோ?"

"நல்ல கேள்வி. மண்கும்பானிலை நாங்கள் என்ன, பைப்பிலையோ பிறந்தனாங்கள்?"

ஐப்பசியில் மழை தொடங்கியது. கார்த்திகை முழுக்கப் பெய்தது. கிருசாந்தி மழைச்சட்டையோடு ஸ்கூட்டியில் நனைந்து வருவாள். வந்ததும் கிணற்றில் மேல் தண்ணீரை மெதுவாக அள்ளி, ஒரு தம்ளரில் கொண்டுவந்து நீட்டுவாள். இராசமணி வாயில் வைத்துக்கொண்டு கண்ணை மூடுவாள். "இன்னும் இருக்கு" என்பாள். கிருசாந்தி சிரிப்பாள்.

"நீங்கள் பிறசர் மெசின் மாதிரித்தான் அம்மா."

காத்திருக்கும் நாட்களில் இருவரும் கொஞ்சம் கூடுதலாகக் கதைத்தார்கள். கிருசாந்திக்கும் வீட்டில் தாய் மட்டுந்தான். முழங்கால் ஏலாத மனுசி.

"நீர் இஞ்சை வந்தால் உம்மட அம்மாவை ஆர் பாக்கிறது?"

"அதுக்கென்ன, சனம் பாக்கும். ஒருத்தர் இல்லாட்டி ஒருத்தர் எட்டிப் பாப்பினம். அம்மா தனிய எண்டு எல்லாருக்கும் தெரியுந்தானே."

மார்கழி நடுவில் ஒரு காலை இராசமணி தம்ளரில் இருந்த தண்ணீரை ஒரேயடியாகக் குடித்து முடித்தாள்.

"வந்திட்டுது" என்றாள்.

அவளுக்கு வந்த உசாரைப் பார்த்துக் கிருசாந்திக்குப் புதினமாக இருந்தது. இராசமணி மதிலில் இருந்த பைப்பை மூடச் சொன்னாள். புதுக் கயிறு வாங்குவித்தாள். கிணற்றடிச் சீமெந்தைப் பாசி போகத் தும்புத்தடியால் உரஞ்சுவித்தாள். வேறு யாரும் வழுக்கி விழக்கூடாது என்று இருந்த இடத்திலிருந்தே ஒவ்வொரு மூலையாய்க் கைகாட்டினாள். சந்திக் கடையிலும் பவதாரணி வீட்டிலும் தண்ணீர் நல்லாய் வந்துவிட்டதென்று சொல்லிவிட்டு வரும்படி கிருசாந்தியை அனுப்பினாள். கேற்றை இரண்டு பக்கமும் விரியத் திறந்து கல் வைப்பித்தாள்.

அன்று பின்னேரம் கேற்றுக்குள்ளால் ஓர் ஆடு வந்தது. முற்றத்துச் செவ்வரத்தைச் செடியில் ஒரு வாய் கடித்துவிட்டுப் போனது.

அடுத்த நாளும் ஆடுதான்.

தைப்பொங்கலன்று பவதாரணி வந்தாள். தட்டத்தில் பொங்கலும் ஒரு சீப்பு வாழைப்பழமும் வைத்து, மேலே வாழையிலை மூடி, வாசலில் நின்று கிருசாந்தியின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகப் பார்த்தாள்.

"பவதாரணி, வா பிள்ளை. இரு."

"இல்லையக்கா, அங்கை அடுப்பிலை கறி."

"கறி தானாய் வேகும். வந்து இரு."

பவதாரணி வந்து கதிரை நுனியில் இருந்தாள். புதுச்சேலை. வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்ல வடிவாய் வைச்சிருக்கிறா கிருசாந்தி. அக்கா, நீங்களும் நல்லா வந்திட்டியள். முகத்திலை ஒரு பொலிவு."

"தண்ணி நல்லா வந்திட்டுது. இவ வந்து சொல்லேல்லையோ?"

"சொன்னவ. நாங்கள் இப்ப பில்டர் தண்ணிதான், அக்கா. கடையடியிலை மெசின் போட்டிருக்கினம். இவர் வேலையாலை வரேக்கை எடுத்துக்கொண்டு வந்திடுவார். தம்பண்ணைக்கும் அதிலைதான் ஒரு கான் குடுக்கிறது."

"ஓம், கரிச்சால் ஆர்தான் குடிப்பினம்" என்றாள் இராசமணி. "இனிக் கரிக்காது. மோட்டரை நிப்பாட்டியாச்சு. நீங்கள் பழையபடி வரலாம்."

பவதாரணிக்குச் சிரிப்பு வந்தது.

"ஐயோ அக்கா, தண்ணியோ காரணம்? எங்கட வீட்டுக்குப் பின்னாலை கோயில் கிணறு இருக்கு. அதுவும் நல்ல தண்ணிதானே. உங்கட கிணத்தைவிடக் கிட்ட."

இராசமணி அவளையே பார்த்தாள். கோயில் கிணறு இருப்பது அவளுக்கும் தெரிந்ததுதான். இத்தனை வருசத்தில் அதை ஒருநாளும் யோசித்துப் பார்த்ததில்லை.

"அப்ப ஏன் இஞ்சை வந்தனீங்கள்?"

"நீங்கள் தனியத்தானே இருந்தனீங்கள். ஆராவது ஒருக்கா எட்டிப் பாக்கவேணும்தானே. எங்கட மாமி சாகேக்கையும் என்னட்டை அதைத்தான் சொன்னவ, மணியைப் பாத்துக்கொள்ளுங்கோ எண்டு. நாங்கள் பொம்பிளையள் எங்களுக்குள்ளை கதைச்சு வைச்சனாங்கள், ஒரு நாளும் ஆளில்லாமல் விடுறேல்லை எண்டு. ஒருத்திக்கு ஏலாட்டி மற்றவள் வருவாள். சும்மா வந்து பாத்தால் உங்களுக்குப் பிடிக்காது. ரோசக்காரி. தண்ணி எண்டால் ஒண்டும் சொல்லமாட்டியள்."

"தம்பண்ணையுமோ?"

"அவருக்குச் சொல்லவே வேணும்? அவர் கதை கேக்க வாறவர். அதோடை பாத்திட்டும் போவார்."

"பிறகு?"

"பிறகென்ன, இப்ப ஆள் இருக்குத்தானே." பவதாரணி கிருசாந்தியின் பக்கம் திரும்பிச் சிரித்தாள். "பிறசர் பாக்கத் தெரிஞ்ச ஆள். நாங்கள் வந்து என்னத்தைச் செய்யிறது? எங்களுக்குப் பெரிய நிம்மதி, அக்கா. அண்டைக்கு உங்களைக் கிணத்தடியிலை கண்டதிலையிருந்து நான் நித்திரை கொள்ளேல்லை. சயந்தன் செய்தது பெரிய உதவி. எல்லாருக்கும்."

அவள் எழுந்து இராசமணியின் கையை ஒரு தடவை பிடித்துவிட்டுப் போனாள். உண்மையான சந்தோஷத்தோடுதான் போனாள்.

பொங்கலைக் கிருசாந்தி ஒரு சிறு தட்டில் போட்டுக் கொடுத்தாள். இராசமணி அதைக் கையில் வைத்திருந்தாள். தண்ணீர் கொடுத்தவள் தான் என்றுதான் அவள் இவ்வளவு காலமும் நினைத்திருந்தாள். ஒழுங்கை முழுக்கத் தன் கிணற்றைக் குடிக்கிறது என்றொரு சின்னப் பெருமை அவளுக்கு இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

"சாப்பிடுங்கோம்மா. சக்கரை கனக்கச் சாப்பிடக் கூடாது, ஆனால் இண்டைக்குக் கொஞ்சம் பரவாயில்லை."

"தண்ணி கொஞ்சம் தாரும்" என்றாள் இராசமணி.

இரண்டு மூன்று நாட்கள் அவள் அதையே யோசித்தாள். முதலில் கோபம் வந்தது. யாரைக் கேட்டு அவர்கள் அப்படி முறை வைத்துக்கொண்டார்கள்? பிறகு அந்தக் கோபம் நிற்கவில்லை. நண்டுக் குழம்பும் சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்த கைகளும் பொய்யில்லை. பாவம் பார்த்துத்தான் வந்தார்களோ என்னவோ, வந்தபோது சிரித்தார்கள். தம்பு கல்லில் குந்தியிருந்தது நடிப்பில்லை. இப்போது அவள் பாவமில்லை. அதனால் ஒருவரும் இல்லை.

கிருசாந்தி காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தபோது இராசமணி சொன்னாள்.

"இனி ஞாயிற்றுக்கிழமையிலை நீர் வரவேண்டாம்."

எண்ணெய்க் கை நின்றது.

"நான் என்ன பிழை விட்டனான் அம்மா?"

"உம்மிலை ஒரு பிழையுமில்லை. நீர் இல்லாட்டி நான் இன்னும் கட்டிலிலைதான் கிடந்திருப்பன். ஒரு நாள் உம்மட அம்மாவோடை இரும்."

"அம்மாவைச் சாட்டாதேங்கோ. வேற என்னவோ இருக்கு."

"இருக்கு" என்றாள் இராசமணி.

சயந்தன் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் குரல் உயர்ந்ததை அவள் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டாள்.

"நீங்கள் விழுந்தால், பெரியம்மா?"

"விழுந்தால் கூப்பிடுவன்."

"ஆரைக் கூப்பிடுவியள்? யாழ்ப்பாணத்திலை இருந்து ஆள் வர எவ்வளவு நேரம் செல்லும் தெரியுமோ? பக்கத்திலை ஆர் இருக்கினம்?"

கைபேசியில் அவனுடைய முகம் அசையாமல் நின்றது. தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தாள். அறுந்திருக்கவில்லை.

"நீங்கள் உங்களுக்காக ஒண்டும் கேட்டதில்லை," என்று அவன் கடைசியில் சொன்னான். "சரி. ஒரு ஞாயிறு பாப்பம்."

அந்த ஞாயிறு வந்தது. கிருசாந்தி முதல் நாளே சோறு கறியைச் சூடாக்கிச் சாப்பிடத் தக்கதாய்க் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மாத்திரைகளைப் பெட்டியில் பிரித்து, தொலைபேசியை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாட்டிவிட்டுப் போயிருந்தாள். இராசமணி தானே முகம் கழுவினாள். தானே தலையை வாரி இழுத்தாள். நேரம் பிடித்தது, ஆனால் முடிந்தது. பிறகு விறாந்தைக் கதிரையில் வந்து இருந்தாள்.

ஒருவரும் வரவில்லை.

மத்தியானம் சாப்பிட்டாள். சாப்பிட்ட கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள். சயந்தன் எடுத்தான். கிருசாந்தி எடுத்தாள். "ஓம், சுகந்தான்" என்று இருவருக்கும் சொன்னாள். அவர்கள் வைத்த பிறகு வீடு முன்னையைவிட அமைதியாக இருந்தது. குளிர்சாதனப் பெட்டி உறுமி ஓய்ந்தது. மாமரத்தில் ஓர் அணில் கத்தியது. ஏன் வருவார்கள் என்று அவள் தன்னையே கேட்டாள். ஒழுங்கைக்கு என்ன தெரியும்? மணியக்கா வீட்டில் ஆள் இருக்கிறது. அதுதான் தெரியும். ஸ்கூட்டி நிற்கிறதா இல்லையா என்று யார் வந்து பார்த்தார்கள்? இப்படியே பத்து ஞாயிறு இருந்தாலும் இதுதான்.

வெயில் சாய்ந்ததும் அவள் எழுந்து வோக்கரைப் பிடித்தாள்.

சரிவால் இறங்குவது சுகமாக இருந்தது. அதைப் போட்ட சயந்தனை நினைத்துக்கொண்டாள். கேற்றுக்கு வெளியே மணல். வோக்கரின் கால்கள் புதைந்தன. தூக்கி வைத்து, நின்று, தூக்கி வைத்து நடந்தாள். விழுந்ததற்குப் பிறகு கேற்றைத் தாண்டித் தனியே காலெடுத்து வைத்தது இதுதான் முதல். பவதாரணி வீட்டுக்கு இடையில் பூட்டிய வீடுகள்தான். ஒன்றின் கேற்றில் கொடி படர்ந்து, கேற்று எது மதில் எது என்று தெரியவில்லை. இங்கே விழுந்தால் அந்த ஆடுதான் முதலில் காணும் என்று நினைத்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிடப் பயமாக இருந்தது, போய்ச் சேர்ந்த பிறகு சொல்ல வேண்டியிருந்த வார்த்தை.

பவதாரணி முற்றத்தில் குந்தியிருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் கத்தியோடு எழும்பிவிட்டாள்.

"ஐயோ, மணியக்கா! எங்கை கிருசாந்தி?"

"இண்டைக்கு அவ வரேல்லை."

"ஏன், சுகமில்லையோ?"

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சுகமில்லை, அதுதான் தீப்பெட்டி ஒன்று கேட்க வந்தேன் என்றோ கொஞ்சம் உப்புக் கேட்க வந்தேன் என்றோ சொல்லியிருந்தால், பவதாரணி இரண்டையும் தந்து, கொண்டுவந்து வீட்டில் விட்டிருப்பாள். இராசமணிக்கு வாயில் வந்துவிட்டது அது. விழுங்கினாள்.

"நான்தான் வரவேண்டாம் எண்டனான். இனி ஞாயிற்றுக்கிழமையிலை அவ வரமாட்டா." மூச்சு வாங்கியது. "இண்டைக்கு என்னோடை ஒருத்தரும் இல்லைப் பிள்ளை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

பவதாரணி ஒன்றும் விளங்காமல் நின்றாள். அவள் கையிலிருந்து மீன்தண்ணீர் சொட்டியது.

"என்ன அக்கா, ஏதும் எடுத்துத் தரவோ? சாப்பாடு இருக்கோ?"

"எல்லாம் இருக்கு."

"பிறகு?"

"ஒண்டுமில்லை. தனிய இருக்க ஏலாமல் இருக்கு."

அதைச் சொன்னபோது இராசமணி அவளைப் பார்க்கவில்லை. வோக்கரின் கைப்பிடியைப் பார்த்துச் சொன்னாள். பிறகு பவதாரணி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"இஞ்சாருங்கோ! ஒரு கதிரை கொண்டு வாங்கோ. கை வைச்ச கதிரை!"

அவளுடைய கணவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கதிரையோடு வந்தான். இராசமணியைக் கண்டு ஒரு கணம் திகைத்து, பிறகு கதிரையை ஆடாத இடமாகப் பார்த்து வைத்து, அழுத்திப் பார்த்தான்.

"சொல்லி விட்டிருக்கலாந்தானே அக்கா. இந்த மணலுக்குள்ளாலை நடந்து..."

"சொல்லி விட ஆள் வேணுமே," என்றாள் இராசமணி.

பவதாரணி சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை. மறுபடி குந்தி மீனைக் கையிலெடுத்தாள். தண்ணீர் அள்ளுகிறபோது வந்த கதைகள் இப்போது எங்கிருந்து தொடங்குவது? செதில்கள் பறந்து மண்ணில் விழுந்தன.

"விளைமீனோ?" என்று இராசமணி கேட்டாள்.

"ஓம். காலமை வந்தது."

"தலையை என்ன செய்யப் போறாய்?"

"சொதி வைப்பம் எண்டு. இருந்து சாப்பிட்டிட்டுப் போங்கோவன்."

"சுணங்கும். இருட்டிப்போகும்."

"இருட்டினால் இவர் கொண்டுவந்து விடுவார்." பவதாரணி கத்தியால் செவுளை வெட்டி எறிந்தாள். பிறகு நிமிராமலே கேட்டாள். "வாற ஞாயிறும் இப்பிடித்தானோ?"

"ஓம்" என்றாள் இராசமணி. "வாற ஞாயிறும்."

"சரி" என்றாள் பவதாரணி. சட்டியில் தண்ணீர் ஊற்றி மீனைக் கழுவத் தொடங்கினாள். இராசமணி கைகளைக் கதிரைக் கைகளில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.